ஒரே ஒட்டுண்ணி, இரண்டு கொட்டில்கள்: செட்டிநாட்டுச் சிற்றூர் ஒன்றில் தைலேரியா ஓரியன்டாலிஸ் நோய் – நிகழ்வு ஆய்வு

பின்னணி

காரைக்குடிக்குத் தென்கிழக்கே, தேவகோட்டைச் சாலையிலிருந்து உள்ளே ஒதுங்கிய ஒரு சிற்றூரில், ஒரு கார்த்திகையில் தொடங்கி மறு ஆடி வரை நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். தைலேரியா ஓரியன்டாலிஸ் என்பது உண்ணி வழியாகப் பரவி, மாட்டின் சிவப்பணுக்களுக்குள் தங்கும் ஓர் ஒட்டுண்ணி. அந்த ஊரில் சிகிச்சைக்குப் பொறுப்பாக இருந்த கால்நடை மருத்துவர் நான். மாடு வளர்த்த குடும்பங்களின் பெயரும் ஊரின் பெயரும் இங்கே இடம்பெறவில்லை.

முதல் கொட்டில் ஒரு பெரிய நகரத்தார் வீட்டின் பின்கட்டை ஒட்டியது. வீட்டுக்காரர்கள் சென்னையில் இருக்கிறார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் குடும்பம், ஆச்சியின் அனுமதியோடு அங்கே மாடு கட்டிப் பால் சொசைட்டிக்கு ஊற்றிவந்தது. கறவையில் ஐந்து, சினையில் இரண்டு, கிடேரி ஒன்று, கன்று இரண்டு என மொத்தம் பத்து உருப்படிகள் இருந்தன. எல்லாம் கலப்பின ஜெர்சி. இரண்டாவது கொட்டில் ஊருணிக்கு அந்தப் பக்கம், ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. அங்கே ஏழு உருப்படிகள். அவையும் கலப்பின ஜெர்சிதான். இரண்டு வீட்டு மாடுகளும் கண்மாய்க் கரையின் வேறு வேறு பக்கங்களில் மேய்ந்தன. தவிடும் புண்ணாக்கும் ஒரே கடையிலிருந்து வந்தன.

இந்த விவரங்களை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரே நோய்க் கிருமி ஓரிடத்தில் மாட்டைச் சாய்ப்பதும் இன்னோரிடத்தில் தடமே தெரியாமல் தங்கியிருப்பதும் கண்ணில் பட்டால், இனம் வேறு, தீவனம் வேறு, பராமரிப்பு வேறு என்று காரணம் தேடுவதே நம் வழக்கம். சிவகங்கைப் பகுதிப் புலிக்குளம் கிடைமாடுகளை வைத்து அப்படி ஒப்பிட்டிருந்தால் இனமே பாதி விடையைச் சொல்லியிருக்கும். இந்த இரண்டு கொட்டில்களுக்கும் இடையே அத்தகைய வேறுபாடுகள் மிகக் குறைவாக இருந்தன. அதனால்தான் இந்த நிகழ்வு எழுதத் தகுந்தது என்று கருதுகிறேன்.

ஐப்பசி முதல் வாரத்தில், மேற்கு மாவட்டம் ஒன்றின் சந்தையிலிருந்து முதல் கொட்டிலுக்கு இரண்டு கறவை மாடுகள் வாங்கி வரப்பட்டன. மேலே சொன்ன பத்தில் அவையும் அடங்கும். அந்த மாதக் கடைசியில், ஊருக்கு வந்துபோகும் ஒருவர் கொட்டிலின் எல்லா மாடுகளுக்கும் ஒரே ஊசியை மாற்றாமல் சத்து ஊசி போட்டிருக்கிறார். இந்த இரண்டு செய்திகளும் எனக்குத் தாமதமாகத்தான் தெரியவந்தன. முதல் நாளே கேட்டிருக்க வேண்டியவை அவை.

முதல் நாள்: கண்டதும் தவறாக முடிவெடுத்ததும்

கார்த்திகைக் கடைசியில், மழை ஓய்ந்த ஒரு காலையில் அழைப்பு வந்தது. கன்று ஈன்று மூன்று வாரமான ஐந்து வயது மாடு. ஒன்பது லிட்டர் கறந்துகொண்டிருந்தது இரண்டே நாளில் நான்கு லிட்டருக்கு இறங்கிவிட்டது. அசைபோடுவது குறைந்திருந்தது. உடல் வெப்பம் 103.8 டிகிரி ஃபாரன்ஹீட். தோள்பட்டைக்கு முன்னும் தொடை மடிப்பிலும் உள்ள நிணநீர்க் கழலைகளைத் தடவிப் பார்த்தேன், வீக்கம் இல்லை. மூத்திரம் சிவப்பாகப் போகவில்லை, அடர்ந்த மஞ்சளாக இருந்தது. காதின் உட்புறத்தில் சிறிய செம்பழுப்பு உண்ணிகள் அடையடையாக ஒட்டியிருந்தன. கால்களில் வளைய வரி உள்ள ஹயலோமா உண்ணியைத் தேடினேன், ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

காதின் ரத்தக் குழாயில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சிலைடில் இழுத்து, ஜீம்சா சாயம் ஏற்றிப் பார்த்தேன். சில சிவப்பணுக்களுக்குள் குச்சிபோலவும் காற்புள்ளிபோலவும் சிறிய உருவங்கள் கிடந்தன. நூறு அணுக்களில் ஒன்று தேறுவதே கடினம். சிவப்பணுவைத் தாக்கும் மற்றக் கிருமிகளில், அணுவின் ஓரத்தில் புள்ளியாக நிற்கும் அனாபிளாஸ்மா இல்லை. பேரிக்காய் வடிவில் இரட்டையாகத் தெரியும் பபேசியாவும் இல்லை. கழலை வீக்கம் இல்லாததாலும், வரிக்கால் உண்ணி இல்லாததாலும், உருவ அமைப்பாலும் இது வரிக்கால் உண்ணி பரப்பும், கழலையை வீங்கச் செய்யும் தைலேரியா அன்னுலேட்டா அன்று, தைலேரியா ஓரியன்டாலிஸ் என்று முடிவு செய்தேன். அந்த முடிவு சரியானது.

அதற்கு அடுத்த முடிவில்தான் தவறு நேர்ந்தது. ஓரியன்டாலிஸ் என்றால் சாது, நம் பக்க மாடுகளில் பாதிக்கு மேல் அதைச் சுமந்துகொண்டே திரியும், நோய்க்குக் காரணம் வேறு எதுவோ என்றுதான் படித்த காலத்திலிருந்து மனத்தில் பதிந்திருந்தது. அந்த நம்பிக்கையோடு, ஈன்ற பின் வரும் செரிமானக் கோளாறாக இருக்கும் என எண்ணி, காய்ச்சலுக்கும் செரிமானத்துக்கும் மருந்து கொடுத்து, முன்னெச்சரிக்கையாக ஆக்ஸிடெட்ராசைக்ளின் ஊசியும் போட்டுவிட்டு வந்தேன். சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் பிசிவி சோதனையைச் செய்யவில்லை. கண் இமையைப் புரட்டிப் பார்த்தபோது சற்று வெளிறியிருந்ததைக் குறிப்பேட்டில் எழுதியும் இருக்கிறேன், எழுதியதோடு விட்டுவிட்டேன்.

ஐந்தாம் நாள்

“டாக்டரய்யா, கண்மாய்க்குப் பத்திக்கிட்டுப் போனேன், பாதி வழியிலயே படுத்துருச்சு. மூச்சு வாங்குது. இன்னொண்ணு நேத்து ராத்திரி கன்னு வீசிருச்சு” என்று அந்த வீட்டுக்காரர் போனில் சொன்னார். எட்டு மாதச் சினையில் இருந்த மாடு கருச்சிதைந்து கன்று வீசியிருந்தது.

முதல் மாட்டின் கண் இமையின் உட்புறம், புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவரில் மஞ்சள் லேசாகக் கலந்தது போன்ற நிறத்துக்கு வந்திருந்தது. நாடித் துடிப்பு நிமிடத்துக்கு நூறைத் தாண்டியிருந்தது. காதில் குத்தியபோது வந்த ரத்தம், கழுநீரில் குங்குமம் கரைத்ததுபோல நீர்த்திருந்தது. சிலைடில் வைத்த சொட்டு, இழுக்கும் முன்பே தானாக விளிம்பு வரை பரவியது. நுண்குழாயில் சுழற்றி எடுத்தபோது அடியில் விரற்கடை அளவு சிவப்பை எதிர்பார்த்த இடத்தில் நகக்கண் அளவுதான் இருந்தது. பிசிவி 11 சதவீதம். நலமான மாட்டில் இது 24க்கு மேல் இருக்க வேண்டும். 15க்குக் கீழே இறங்கினால் உயிருக்கு ஆபத்து என்று கொள்ளலாம்.

கன்று வீசிய மாட்டுக்கு 17 சதவீதம். இரண்டிலும் சிலைடில் தெரிந்த ஒட்டுண்ணிகள் முன்பைவிட மிகவும் அதிகமாக இல்லை. நூறு சிவப்பணுக்களில் இரண்டு, மூன்று. இது எனக்குப் பெரிய பாடமாக அமைந்தது. ஓரியன்டாலிஸ் நோயில், கண்ணுக்குத் தெரியும் ஒட்டுண்ணிகளின் எண்ணிக்கையைவிட அதிகமான சிவப்பணுக்கள் அழிகின்றன. ஒட்டுண்ணி புகுந்த அணுக்களோடு, ஆக்ஸிஜனேற்றப் பாதிப்பால் சிதைந்த மற்ற அணுக்களையும் மண்ணீரல் வடிகட்டி எடுத்துவிடுகிறது. அணுக்கள் ரத்தக் குழாய்க்குள் உடையாமல் பெரும்பாலும் மண்ணீரலிலும் கல்லீரலிலும் அழிவதால் மூத்திரம் சிவப்பாகப் போவதில்லை. செம்மூத்திரம் இல்லை என்பதை நான் ஆறுதலாக எடுத்துக்கொண்டது எவ்வளவு பிழை என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது.

எடுத்த முடிவுகளும் அவற்றுக்கான காரணங்களும்

அன்றே கொட்டிலில் இருந்த பத்து உருப்படிகளுக்கும் ரத்தம் எடுத்துப் பிசிவி பார்த்தேன். மூன்று மாடுகளில் 18க்கும் 23க்கும் இடையே வந்தது. அவற்றுக்கு வெளியே எந்த அறிகுறியும் இல்லை. வைக்கோலைத் தின்றுகொண்டு நின்றன. சந்தையிலிருந்து வந்த இரண்டுக்கும் 29, 31. கிடேரிக்கும் இரண்டு கன்றுகளுக்கும் அப்போது குறைவு இல்லை.

மூன்று முடிவுகள் எடுக்க வேண்டியிருந்தது. முதலாவது மருந்து. புபார்வாகுவோன் இந்த ஒட்டுண்ணியை முற்றாக ஒழிப்பதில்லை. பிழைத்த மாடு சுமப்பதாகவே தொடரும். ஆனால் ரத்தம் குறையத் தொடங்கும் கட்டத்திலேயே கொடுத்தால் சரிவை நிறுத்த உதவும். உடல் எடையில் கிலோவுக்கு 2.5 மில்லிகிராம் அளவு; 320 கிலோ மாட்டுக்கு 16 மில்லி. அதைக் கழுத்துத் தசையில் இரண்டு இடங்களில் பிரித்துப் போட்டேன். சாய்ந்த மாடு, கன்று வீசிய மாடு, பிசிவி சரிந்துகொண்டிருந்த மூன்று என ஐந்துக்கும் கொடுப்பது என்று முடிவாயிற்று. இந்த மருந்தின் எச்சம் பாலில் பல வாரங்கள் நிற்கும் என்பதால், ஊசி போட்ட கறவைகளின் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றக் கூடாது. அந்தக் குடும்பத்துக்கு வருமானமே அந்தப் பால்தான். அறிகுறியே தெரியாத மாடுகளுக்கும் ஊசி போட்டு அதன் பாலைக் கீழே ஊற்றச் சொல்வது எளிதாக இல்லை. நுண்குழாய்களை வரிசையாக நிறுத்தி, எதில் எவ்வளவு சிவப்பு என்று அந்த வீட்டு அம்மாவிடம் காட்டினேன். அவர் ஒன்றையொன்று ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, “இதுக்கும் அதுக்கும் இவ்வளவுதான் வித்தியாசமா? போட்டுருங்க சார்” என்றார்.

இரண்டாவது ரத்தம் ஏற்றுவது. 11 சதவீதத்தில் மருந்து வேலை செய்யும் வரை மாடு தாங்காது. கொடை கொடுக்கும் மாட்டை வேறு கொட்டிலிலிருந்து கொண்டுவந்தால் அதன் ரத்தத்தில் உள்ளதும் சேர்ந்து வரும். அதனால் அதே கொட்டிலில் 31 சதவீதத்தோடு நின்ற, 380 கிலோ எடையுள்ள சந்தை மாட்டிலிருந்து மூன்றரை லிட்டர் எடுத்து, உறையாமலிருக்கச் சோடியம் சிட்ரேட் கலந்து, நடுக்கமோ மூச்சுத் திணறலோ வருகிறதா என்று கவனித்தபடி மெதுவாக ஏற்றினேன். அந்தத் தேர்வைப் பற்றிப் பிறகு நிறைய யோசித்தேன். கீழே அதற்கு வருகிறேன்.

மூன்றாவது ஓய்வு. சிவப்பணு குறைந்த மாட்டை நடக்கவைப்பதே அதைக் கொல்லும். தண்ணீரும் தீவனமும் கொட்டிலுக்கே வர வேண்டும், கண்மாய்க்குப் பத்துவது முற்றிலும் நிற்க வேண்டும் என்றேன். உண்ணிக்கு முதுகில் ஊற்றும் மருந்து கொடுத்தேன். ஒவ்வொரு மாட்டுக்கும் தனி ஊசி என்பதும் அன்று தொடங்கியது.

பின் நிகழ்ந்தவை

முதல் மாடு எட்டாம் நாள் விடியலில் இறந்தது. ரத்தம் ஏற்றிய பின் 14க்கு வந்தது, இரண்டு நாளில் மீண்டும் 12. முதல் நாள் பிசிவி பார்த்திருந்தால் அது அநேகமாக இருபதை ஒட்டி இருந்திருக்கும். அந்த நிலையில் மருந்து கொடுத்த மூன்று மாடுகளும் பிழைத்துக்கொண்டன என்பதை வைத்தே இதைச் சொல்கிறேன். கன்று வீசிய மாடு 15 வரை இறங்கி, நான்கு வாரத்தில் 25க்கு ஏறியது. ஆனால் அந்த ஈற்றின் பால் முழுவதும் போயிற்று. மார்கழி நடுவில், எட்டு வாரக் கன்று ஒன்று வெளிறிச் சோர்ந்தது. பிசிவி 16. அதற்கும் மருந்து கொடுத்தோம், பிழைத்தது.

இதற்கிடையில் இரண்டாவது கொட்டிலுக்கும் சென்றேன். அங்கேயும் நோய் தொடங்கியிருக்கும் என்ற அச்சம்தான் காரணம். ஏழு மாடுகளில் ஐந்தின் சிலைடில் அதே குச்சிகள், அதே காற்புள்ளிகள். நுண்ணோக்கியில் இரண்டு கொட்டில்களின் சிலைடுகளையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். சீட்டைப் பார்க்காமல் எது எந்தக் கொட்டில் என்று என்னால் பிரிக்க முடியவில்லை. ஆனால் அங்கே பிசிவி 27லிருந்து 33 வரை. எந்த மாட்டுக்கும் காய்ச்சல் இல்லை. அந்த வருடம் கன்று வீசியதும் இல்லை. காதிலும் தாடையடியிலும் அதே சிறிய உண்ணிகள்.

அன்று மாலை இரண்டு கொட்டில்களிலிருந்தும் எடுத்த ரத்தத்தை, அது உறையாமல் காக்கும் இ.டி.டி.ஏ குழாய்களில் அடைத்து, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துப் பல்கலைக்கழக ஆய்வகத்துக்கு அனுப்பினேன். ஒட்டுண்ணியின் பெயர் எனக்குத் தெரியும். அதன் மரபணு வகையைக் கேட்டேன்.

ஆய்வக முடிவு

ஐந்து வாரம் கழித்து முடிவு வந்தது. இந்த ஒட்டுண்ணியின் மேற்பரப்பில் உள்ள முதன்மைப் புரதத்தின் மரபணுவை, எம்.பி.எஸ்.பி எனப்படுவதை, பி.சி.ஆர் முறையில் பெருக்கி, அதன் வரிசையை ஒப்பிட்டிருந்தார்கள். உலகெங்கும் இதுவரை இந்த மரபணுவை வைத்துப் பதினொரு வகைகள் பிரிக்கப்பட்டுள்ளன: 1 முதல் 8 வரையும், என்1 முதல் என்3 வரையும். முதல் வகை சிட்டோஸ், இரண்டாவது இக்கேடா, மூன்றாவது பஃபெலி என்று அழைக்கப்படுகின்றன.

இரண்டாவது கொட்டிலில் கிடைத்தது மூன்றாம் வகை மட்டும். முதல் கொட்டிலில் நோயுற்ற அனைத்திலும் ஏழாம் வகை. சிலவற்றில் அதோடு மூன்றாம் வகையும் கலந்திருந்தது. சந்தையிலிருந்து வந்த இரண்டு மாடுகளிலும், அதாவது நலமாக நின்றவற்றிலும், ஏழாம் வகை இருந்தது. ஆக, நான் ரத்தக் கொடைக்குத் தேர்ந்த மாடு அதே வகையைச் சுமந்ததுதான். இறந்த மாட்டில் ஏற்கெனவே அது இருந்ததால் புதிதாக எதையும் புகுத்திவிடவில்லை. இருந்தாலும் ஒட்டுண்ணிச் சுமையைக் கூட்டியிருக்கலாம்.

இந்த வேறுபாட்டை எப்படிப் புரிந்துகொள்வது

ஓரியன்டாலிஸ் எல்லா இடத்திலும் சாது என்ற எண்ணம் முதலில் கலைந்தது வெளிநாடுகளில். ஆஸ்திரேலியாவில் பல்லாண்டுகள் அது நோயற்ற ஒட்டுண்ணியாகவே கருதப்பட்டது. 2006இல் நியூ சவுத் வேல்ஸில் ரத்தசோகையும் கருச்சிதைவும் இறப்புமாக வெடித்தபோது, இக்கேடா வகை பிடிபட்டது. 2012இல் நியூசிலாந்திலும், 2017இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவிலும் அதே வகை. பஃபெலி மட்டும் உள்ள மந்தைகள் பெரும்பாலும் நலமாகவே இருந்தன. கலந்த தொற்று உள்ள மாடுகளில் இக்கேடாவின் அளவு ஏறும்போதுதான் ரத்தம் குறைகிறது என்பதை அளவு காட்டும் பி.சி.ஆர் சோதனைகள் காட்டின. நம் பக்கத்தில், வளர்ந்த கலப்பின மாடுகள் இந்த ஒட்டுண்ணியால் இறந்ததைக் கேரள ஆய்வாளர்கள் 2011இல் பதிவு செய்தார்கள். இந்தியாவில் நோயோடு தொடர்புபடுத்தப்படும் வகைகளில் ஏழாவதும் ஒன்று.

ஒரே இனத்துக்குள் இவ்வளவு வேறுபாடு எப்படி என்பது நியாயமான கேள்வி. தைலேரியா அன்னுலேட்டா வெள்ளணுக்களுக்குள் புகுந்து அவற்றைப் புற்றணுபோல் பெருகச் செய்கிறது. கழலை வீங்குவது அதனால்தான். ஓரியன்டாலிஸுக்கு அந்தத் திறன் இல்லை. 2012இல் அதன் இக்கேடா வகையைச் சேர்ந்த ஷின்டோகு வகையறாவின் முழு மரபணுத் தொகுதி படிக்கப்பட்டபோது, வெள்ளணுவை மாற்றும் இனங்களில் பல்கிப் பெருகியிருந்த சில மரபணுக் குடும்பங்கள் இதில் மிகக் குறைவு என்பது தெரியவந்தது. ஆகவே இதன் கடுமை முழுவதும் சிவப்பணுவோடும் மாட்டின் எதிர்ப்பாற்றலோடும் அது நடத்தும் உறவில் இருக்கிறது. எம்.பி.எஸ்.பி புரதம் அந்த எதிர்ப்பாற்றல் அடையாளம் காணும் முகம் போன்றது. ஆனால் அந்தப் புரதமே கடுமைக்குக் காரணம் என்று கொள்வது தவறு. அது வகையைச் சுட்டும் அடையாளம். அந்த அடையாளத்தோடு சேர்ந்து பயணிக்கும் மற்ற மரபணுக்களில் காரணம் இருக்கலாம்.

ஒரு மரபணு வரை போய்க் காரணத்தைக் காட்டிய எடுத்துக்காட்டு ஒட்டுண்ணியியலில் உண்டு. டாக்ஸோபிளாஸ்மா கோண்டி என்ற இன்னோர் ஒட்டுண்ணியின் முதல் வகையில் ஒரேயொரு ஒட்டுண்ணி ஆய்வக எலியைக் கொன்றுவிடும். இரண்டாம், மூன்றாம் வகைகள் அப்படிச் செய்வதில்லை. வகைகளை ஒன்றோடொன்று கலப்புச் செய்து, சந்ததியில் எது கொல்கிறது எது கொல்லவில்லை என்று பார்த்தே, ஆர்.ஓ.பி18, ஆர்.ஓ.பி5 ஆகிய மரபணுக்களைக் கண்டறிந்தார்கள். எலியின் உயிரணு ஒட்டுண்ணியைச் சுற்றிவளைத்து அழிக்க அனுப்பும் புரதங்களை இவை செயலிழக்கச் செய்கின்றன. ஓரியன்டாலிஸில் அத்தகைய கலப்பு ஆய்வு செய்வது மிகக் கடினம், உண்ணியும் மாடும் தேவை. அதனால் நாம் பெரும்பாலும் இந்தக் கொட்டில்கள்போன்ற இயல்பான ஒப்பீடுகளையே நம்ப வேண்டியிருக்கிறது.

இயல்பான ஒப்பீட்டில் ஓட்டைகளும் இயல்பாகவே இருக்கும். முதல் கொட்டிலில் ஈன்ற மாடும் நிறைசினை மாடும் இருந்தன. அந்தக் காலத்தில் மாட்டின் எதிர்ப்பாற்றல் தாழ்ந்திருக்கும். இரண்டாவது கொட்டிலில் அப்போது அப்படி எதுவும் இல்லை. மேலும், ஏழாம் வகையைச் சுமந்துகொண்டே சந்தை மாடுகள் நலமாக நின்றன; அவை முன்பே அதைச் சந்தித்துத் தாங்கப் பழகியவை என்றே கொள்ள வேண்டும். வகை மட்டுமே மாட்டைக் கொல்கிறது என்று சொல்லிவிட முடியாது. பழகாத மாட்டின்மேல், எதிர்ப்பாற்றல் குறைந்த நேரத்தில், கடுமையான வகை வந்து சேர்வதுதான் இந்தக் கார்த்திகையில் நடந்தது.

ஆடி மாதம்: எதிர்பாராத மறு ஒப்பீடு

இந்த ஓட்டைகளில் ஒன்றை, எங்கள் விருப்பமின்றி, காலம் ஓரளவு அடைத்தது. இந்தச் சிறிய உண்ணி, ஹெமஃபிசாலிஸ், மூன்று ஓம்புயிர் உண்ணி. குஞ்சு, இளம் பருவம், முதிர்ந்தது என மூன்று பருவத்திலும் வெவ்வேறு மாட்டில் ஏறி ரத்தம் குடித்துவிட்டு, இடையிலுள்ள காலத்தைப் புல்லிலும் சருகிலும் கழிக்கும். ஒரு பருவத்தில் வாங்கிய ஒட்டுண்ணியை அடுத்த பருவத்தில் இன்னொரு மாட்டுக்குக் கொடுக்கும். மாட்டின்மேல் மருந்து ஊற்றினால் புல்லில் இருக்கும் உண்ணி சாகாது.

கோடையில் கண்மாய் வற்றியதும் இரண்டு கொட்டில் மாடுகளும் ஒரே பொட்டலில் மேயத் தொடங்கின. அதை நான் தடுத்திருக்க வேண்டும். குறைந்தபட்சம் எச்சரித்திருக்க வேண்டும். ஆடியில் இரண்டாவது கொட்டிலில் திரும்ப ரத்தம் எடுத்தபோது, இரண்டு மாடுகளின் பிசிவி 22, 24. முன்பு 30ஐ ஒட்டி இருந்தவை. மற்ற ஐந்தும் மாறவில்லை. ஆய்வகத்தில், குறைந்த இரண்டிலும் மூன்றாம் வகையோடு புதிதாக ஏழாம் வகையும் வந்திருந்தது. மற்றவற்றில் மூன்றாம் வகை மட்டும். அதே மாடுகள், அதே கொட்டில், அதே கை கறக்கிறது. மாறியது ஒட்டுண்ணியின் வகையே.

இரண்டும் சினையில் இல்லாதவை. பால் நிறுத்தத் தேவையில்லாதபடி, மருந்து போடாமல், மேய்ச்சலை நிறுத்திக் கொட்டிலிலேயே கட்டி, வாரம் ஒருமுறை பிசிவி பார்ப்பது என்று முடிவு செய்தேன். 20க்குக் கீழே போனால் மருந்து என்று வீட்டாரிடம் முன்பே சொல்லிவைத்தேன். மூன்று வாரத்தில் இரண்டும் 26க்கு மேல் வந்தன. முன்பே இருந்த மூன்றாம் வகை இவற்றுக்குச் சிறிது காப்பு கொடுத்ததா, சினை இல்லாததே காரணமா என்று இரண்டு மாடுகளை வைத்துச் சொல்வது நேர்மையாகாது.

இனி மாற்றிக்கொண்டவை

ஓரியன்டாலிஸ் சிலைடில் தெரிந்தால் அதைச் சாது என்று எழுதுவதை நிறுத்திவிட்டேன். எந்த வகை என்று தெரிய ஐந்து வாரம் ஆகும். மாட்டுக்கு அந்த அவகாசம் இல்லை. அதனால் சிலைடோடு பிசிவியும் கட்டாயம். நுண்குழாயும் சிறிய சுழற்றியும் இப்போது வண்டியிலேயே இருக்கின்றன. மின்சாரம் வரும் எந்த வீட்டு முகப்பிலும் வைத்து ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

வெளியிலிருந்து மாடு வாங்குவோரிடம், வந்த மாட்டை ஊர் மாடுகளோடு கட்டுமுன் உண்ணி நீக்கி, ஒதுக்கி, ரத்தம் கொடுத்துப் பார்க்கச் சொல்கிறேன். ஈனும் மாதத்தை ஒட்டிப் புது மாடு வாங்குவதையே தவிர்க்கச் சொல்கிறேன். தைப் பொங்கலை ஒட்டிச் சிராவயல் போன்ற இடங்களில் மஞ்சுவிரட்டு நடக்கும்போது காளைகள் ஊர் ஊராகப் போய்வருகின்றன. திரும்பி வரும் காளையைக் கறவைக் கொட்டிலில் கட்டாமல் சில வாரம் தனியே வைக்கும்படியும் கேட்டுக்கொள்கிறேன். சிலர் கேட்கிறார்கள், சிலருக்கு இடவசதி இல்லை.

ரத்தம் ஏற்ற நேர்ந்தால், நலமாகத் தெரிகிறது என்பதாலேயே புதிதாக வந்த மாட்டைக் கொடைக்குத் தேர்வதில்லை. நலமாக நிற்பதே அது பழகிய சுமப்பாளி என்பதன் அடையாளமாக இருக்கலாம்.

அந்தக் கொடை மாடு இன்னும் அந்தப் பின்கட்டில் இருக்கிறது. கடைசியாகப் பார்த்தபோது பிசிவி 30. ஏழாம் வகையும் அதன் ரத்தத்தில் இருக்கிறது. மறு மாசியில் கிடேரிக் கன்று ஈன்றது. அந்தக் கன்றுக்கு ஆறாம் வாரத்திலிருந்து வாரம் ஒருமுறை காதில் குத்திப் பார்த்துவந்தோம். ஒன்பதாம் வாரம் 21க்கு இறங்கி, பன்னிரண்டாம் வாரம் 27க்கு ஏறியது. அந்த வீட்டு அம்மா ஒவ்வொரு வார எண்ணையும் கொட்டில் தூணில் சுண்ணாம்பால் எழுதிவைத்திருக்கிறார்.